பகை பார்த்து அமுக்கினார்

99 ஏ.பி.ஓ.
20 நவம்பர் 1978

மதிப்புக்குரிய கணக்கு டீச்சர் அனந்தலக்ஷ்மி அம்மாள் அவர்களுக்கு, உங்களிடம் பன்னிரண்டாவது படிக்கும் செல்வியின் தகப்பன், பீரங்கிப் படை ஹவில்தார் கலியன் வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே வாளியில் வைத்த தண்ணீர் கல்லாகிவிட்டது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று செல்வியின் இன்லண்டு லெட்டர் வந்தது. ஜோனல் போட்டியில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தாளாம். நேரம் பன்னிரண்டு புள்ளி எட்டு செகண்டாம். டில்லி டீம் கேம்ப்புக்குப் பதிமூன்று செகண்டோ அதற்குக் குறைவோ போதுமாம். மைக்கிலேயே சொன்னார்களாம். அதைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கட்டிலில் தூங்கிய பஞ்சாபிக்காரன் "க்யா ஹுவா மதராஸி?" என்று, என்ன ஆயிற்று எனக் கேட்டபடி துப்பாக்கியைத் தேடினான்.

முடிவுக்கோட்டில் வாட்ச் பிடித்த மூன்று பேரில் நீங்களும் ஒருவர் என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கைக்குக் கோடி நமஸ்காரம்.

டீச்சர் அம்மா, வெளியாருக்கு இது விளையாட்டு. எங்களுக்கு அப்படி இல்லை. என் சம்சாரம் செங்கம்மாளும் செல்வியும் சரோஜினி நகரில் என் மச்சான் பூவராகவனின் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு மாப்பிள்ளையை மச்சான் கையிலேயே வைத்திருக்கிறார். போன லீவில் உட்கார்ந்து பேசினோம். "டில்லி டீம்ல சேர்ந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் சீட்டு கிடைக்கும், படிக்கட்டும். சேரலைன்னா பரீட்சை முடிஞ்ச கையோட கல்யாணம்" என்றார் அவர். நானும் தலையாட்டிவிட்டேன். செல்வியும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிட்ட சோற்றை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எறும்பு கூட அதைவிட அதிகம் தின்னும்.

இனி மச்சான் வாயைத் திறக்க முடியாது. காண்டீனில் பர்ஃபி வாங்கி எங்கள் பீரங்கிப் பிரிவான பேட்டரி முழுக்கக் கொடுத்துவிட்டேன். உங்கள் பங்கை அனுப்ப வழியில்லை, மன்னிக்க வேண்டும்.

நன்றியுடன்,
கலியன்


லோதி ரோடு, புது தில்லி
1 டிசம்பர் 1978

ஹவில்தார் கலியன் அவர்களுக்கு,

உங்கள் நமஸ்காரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியவளாக இருக்கிறேன்.

செல்வி அந்தக் கடிதத்தைப் போட்டியன்று சாயங்காலமே தபாலில் போட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து நேரத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது அவள் நேரம் பதிமூன்று புள்ளி ஒன்று. முதலிடம் அவளுக்கேதான், அதை யாரும் தொடவில்லை. ஆனால் கேம்ப்புக்குப் பத்தில் ஒரு பங்கு செகண்ட் குறைகிறது.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு வாட்சும் 12.8 காட்டின. என்னுடையது மட்டும் 13.1. இரண்டு வாட்ச் ஒத்துப்போனால் அதுதான் நேரம் என்பது விதி. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் 12.8 அப்படியே நின்றிருக்கும். நான் மூடவில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்துத் திருத்த வைத்தவள் நான்தான்.

ஏன் என்பதை நான் எழுதினால் சாக்குச் சொல்வது போல் இருக்கும். செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அவளையே உங்களுக்கு எழுதச் சொன்னேன். பெற்ற பெண் சொன்னால் நம்புவீர்கள். வருத்தம் உண்டா என்றால், உண்டு. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டிரையல் வைக்கிறார்கள். அதில் 13.0 வந்தால் போதும். தகப்பனார் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். மாமா கையெழுத்து செல்லாது என்று எங்கள் பி.டி. மாஸ்டர் சௌத்ரி சார் அடித்துச் சொல்கிறார். தயவுசெய்து சீக்கிரம் அனுப்புங்கள்.

அனந்தலக்ஷ்மி


99 ஏ.பி.ஓ.
13 டிசம்பர் 1978

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் வந்தது, என் மகளின் கடிதமும் வந்தது. அவள் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன். நீங்களே படித்துப் பாருங்கள்.

"மத்த ரெண்டு சாரும் சத்தம் கேட்டு அமுக்கினார்கள். டீச்சர் மட்டும் பகை பார்த்து அமுக்கினார். அதனால் என் டைம் போச்சு. டீச்சர் மேல் கோபம் இல்லை."

மற்றவர்கள் வெடிச் சத்தம் கேட்டதும் ஒழுங்காக வாட்சை அமுக்கியிருக்கிறார்கள். நீங்கள் பகை பார்த்து என் பெண்ணை அமுக்கியிருக்கிறீர்கள். அதையும் வாங்கிக்கொண்டு 'கோபம் இல்லை' என்று எழுதுகிறது அந்தக் குழந்தை. எனக்கு இருக்கிறது.

என்ன பகை டீச்சர்? மூன்று நாளாக யோசிக்கிறேன். போன வருஷம் லீவில் வந்தபோது ஸ்டேஷனிலிருந்து நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தேன். என் டிரங்குப் பெட்டி இடித்து உங்கள் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சாய்ந்தது. கண்ணாடி உடைந்தது. மன்னிப்புக் கேட்டேனே! "பரவாயில்லை" என்றுதானே சொன்னீர்கள்? அது மனசில் இருந்ததா? இல்லை, நாங்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்த்தீர்களா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள். பட்டாளத்தில் எல்லாரும் ஒரே அண்டாவில்தான் சாப்பிடுகிறோம். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டீர்கள். இங்கே பர்ஃபி தின்ற ஒவ்வொருவனும் "பேட்டி கா கேம்ப் கப் ஹை?" என்று, மகளுக்குக் கேம்ப் எப்போது எனக் கேட்கிறான். நான் கேட்காத மாதிரி நடக்கிறேன்.

சம்மதம் அனுப்ப மாட்டேன். ஓடியது போதும். அவளுடைய ஸ்பைக் ஷூவை எடுத்துப் பூட்டி வைக்கும்படி செங்கம்மாளுக்கு எழுதிவிட்டேன். மச்சானுக்கும் எழுதப்போகிறேன்.

கலியன்


லோதி ரோடு
23 டிசம்பர் 1978

ஹவில்தார் கலியன் அவர்களுக்கு,

இதற்கு முன் ஒரு பதில் எழுதினேன். அது உங்கள் கடிதத்தைவிட உஷ்ணமாக வந்துவிட்டது, கிழித்துப் போட்டேன். 'எந்தத் தெரு' என்று கேட்டீர்கள் பாருங்கள், அது வலித்தது. பதினாறு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். அந்தக் கேள்வியை என் முகத்தைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.

இரண்டு நாள் செல்வியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. கூப்பிட்டு, "நான் உனக்கு என்னடீ பகை பண்ணினேன்?" என்று கேட்டேன். அவள் முழித்தாள். "நான் அப்படி லிக்கவே இல்ல மிஸ்! கசம்!" என்று, எழுதவே இல்லை எனச் சத்தியம் செய்தாள். அப்பாவுக்கு எழுதியதைக் கரும்பலகையில் எழுது என்றேன். எழுதினாள். அப்படியே நீங்கள் எழுதிய வாக்கியம்தான். "இதை வாய்விட்டுப் படி" என்றேன்.

படித்தாள். "டீச்சர் மட்டும் புகை பார்த்து அமுக்கினார்."

ஹவில்தார் சார், அது பகை இல்லை. புகை! 'ப'வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் 'பு'. உங்கள் பெண் அந்தக் கோட்டை இழுக்கவில்லை. தில்லியில் வளர்ந்த குழந்தை, ஹிந்தியில் பத்துப் பக்கம் எழுதுவாள், தமிழில் கொம்பும் காலும் அவள் இஷ்டத்துக்குத்தான் வரும். நான் கணக்கு டீச்சர், தப்பு என் தலையில் இல்லை என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் அது சிரிப்பால் வந்தது இல்லை. "அப்பா அதனாலதான் ஷூவைப் பூட்டச் சொன்னாரா?" என்றாள்.

இப்போது சாக்கு என்று நினைத்தாலும் சரி, நானே சொல்கிறேன். துப்பாக்கி வெடிப்பது ஓட்டம் தொடங்கும் இடத்தில். நாங்கள் வாட்சோடு நிற்பது நூறு மீட்டர் தள்ளி, முடிவுக்கோட்டில். வெடித்ததும் புகை உடனே கண்ணுக்குத் தெரியும். சத்தம் எங்கள் காதுக்கு வந்து சேரப் பத்தில் மூன்று பங்கு செகண்ட் ஆகும். அதனால் புகையைப் பார்த்துத்தான் வாட்சை அமுக்க வேண்டும். சத்தம் கேட்டு அமுக்கினால் அதற்குள் பெண்கள் ஓடத் தொடங்கியிருப்பார்கள், வாட்ச் குறைவாகக் காட்டும். அன்று ஆள் போதாமல் எங்களைப் பிடித்து நிறுத்தினார்கள். மற்ற இருவரும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். 'டப்' என்றதும் திடுக்கிட்டு அமுக்கினார்கள். கேட்டதற்கு அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சும்மா இருந்திருக்கலாமே என்பீர்கள். கேம்ப்பில் முதல் நாளே புகை பார்த்து மறுபடி நேரம் எடுப்பார்கள். அங்கே 13.1 வந்தால் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்புவார்கள், பொய் நேரம் காட்டி வந்த பெண் என்று பெயர் வேறு. ஓட்டத்தில் பத்தில் மூன்று பங்கு செகண்ட் என்பது முழுப் பூசணிக்காய். அதைச் சோற்றில் மறைக்க முடியாது. இதைச் செல்வியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "ஜூட்டா டைம் எனக்கு வேணாம் மிஸ்" என்றாள், பொய் நேரம் வேண்டாமாம்.

கண்ணாடி உடைந்த ஸ்கூட்டரைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. எனக்கு இல்லை.

ஜனவரி இருபதுக்குள் உங்கள் சம்மதம் வர வேண்டும். தபால் பத்து நாள் எடுக்கிறது. இனி உங்கள் கையில்தான் இருக்கிறது.

அனந்தலக்ஷ்மி


99 ஏ.பி.ஓ.
4 ஜனவரி 1979

என் தெய்வமே, டீச்சர் அம்மா!

முதலில் சம்மதம். இந்தக் கடிதத்தோடு கையெழுத்துப் போட்டு, அதிகாரியின் சீலும் வைத்து இணைத்திருக்கிறேன். பனியில் தபால் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பள்ளிக்கூடத்துக்குத் தந்தியும் கொடுத்துவிட்டேன். "செல்வி தௌடேகி. பிதா கலியன்." தந்திக்காரன், "எங்கே ஓடப் போகிறாள், யாரோடு?" என்று இந்தியில் கேட்டான். நல்ல வேளை, அவன் பல்லை நான் உடைக்கவில்லை.

இப்போது என் வெட்கத்தைச் சொல்கிறேன். நான் பீரங்கிக்காரன். இருபது வருஷமாகத் தின்கிற சோறே இந்தச் சங்கதியில்தான் வருகிறது. எதிர் மேட்டில் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்ததும் எண்ண ஆரம்பிப்போம். சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்துவோம். அந்தக் கணக்கை வைத்துத்தான் அவன் பீரங்கி எத்தனை தூரத்தில் நிற்கிறது என்று சொல்வோம். எழுபத்தொன்று யுத்தத்தில் அப்படிச் சொல்லித்தான் உயிரோடு வந்தேன். காதை நம்பாதே, கண்ணை நம்பு என்று புது ரங்ரூட்டுகளைத் திட்டித் திட்டி என் தொண்டை கிழிந்திருக்கிறது. அப்படிப்பட்டவன், மகள் 'சத்தம் கேட்டு அமுக்கினார்கள்' என்று எழுதியதைப் படித்துவிட்டு, 'ஒழுங்காக அமுக்கினார்கள்' என்று உங்களுக்கே எழுதியிருக்கிறேன்! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் மேஜர் சாப்பிடம் சீல் வாங்கப் போனபோது கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பகை, புகை இரண்டையும் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் வங்காளி. "ஒரு கோட்டுக்காகவா சண்டை போட்டாய்?" என்று சிரித்ததில் டீ மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. "அந்த டீச்சரை நம் ரெஜிமெண்டுக்கு அனுப்பச் சொல்" என்றார்.

எந்தத் தெரு என்று கேட்டேனே, அதை மட்டும் சிரித்து மழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அது என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள் அம்மா. எல்லாருக்கும் வெளிச்சம் முதலில் தெரியும், சத்தம் பிறகு கேட்கும். எனக்கு உங்கள் விஷயத்தில் தலைகீழாகிவிட்டது.

பதிமூன்று புள்ளி ஒன்று என்றால் அதுவே என் மகளின் நேரம். அவள் அதிலிருந்து ஓடிக் குறைக்கட்டும். குறையாவிட்டால் மச்சானிடம் கொடுத்த வாக்கு இருக்கிறது, அதை நான் மீற முடியாது. ஆனாலும் அவள் ஓடட்டும். ஷூவைத் திறந்து கொடுக்கச் செங்கம்மாளுக்கும் எழுதிவிட்டேன்.

எழுந்து நின்று வணக்கம் சொல்லும்,
கலியன்


லோதி ரோடு
21 ஜனவரி 1979, இரவு

அன்புள்ள ஹவில்தார் சார்,

உங்கள் தந்தி ஆறாம் தேதியே வந்துவிட்டது, சம்மதம் பதினாறாம் தேதி வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடமே அந்தத் தந்தியைப் படித்தது. ஷூ அரிசி டிரம்மில் இருந்ததாம். உங்கள் சம்சாரம் அரிசியைத் தட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தாராம்.

இன்று காலை எட்டு மணிக்கு டிரையல். ஜனவரி மாத தில்லியை நீங்கள் அறிவீர்கள். முடிவுக்கோட்டில் நின்றால் ஓட்டம் தொடங்கும் இடமே தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. புகைக்குள் புகையை எங்கே பார்ப்பது? நடுப்பகலுக்கு மேல் ஹாக்கிக்காரர்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அதனால் டிரையல் நடத்தும் பெரியவர் ஒருவர், "சத்தம் கேட்டே எடுத்துவிடலாம், எல்லோருக்கும் ஒன்றுதானே" என்றார். எனக்கு இந்த முறை வாட்ச் தரவில்லை, சொந்தப் பள்ளிப் பெண் ஓடுகிறாள் என்று. சௌத்ரி சார் என் காதோரம் வந்து, "மேடம், இந்தக் குஹ்ரா, இந்த மூடுபனி, பகவான் கொடுத்தது. இன்றைக்காவது சும்மா இருங்கள்" என்றார்.

சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன். வாய் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. சத்தம் கேட்டு எடுத்தால் செல்விக்கு 12.8 நிச்சயம். ஸ்ரீமுஷ்ணத்து மாப்பிள்ளை கண் முன்னால் நின்றான். ஒரே பெண்ணுக்கு இரண்டு தடவை நானே எமனாக வர வேண்டுமா என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பெண்களை ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பும்போது செல்வி கையைத் தூக்கினாள். "சார், துவா நஹீ திகேகா" என்றாள். புகை தெரியாதே சார், என்று. பெரியவருக்குக் கோபம். "உனக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். "டைம் கலத் ஹோகா, சார்" என்றாள். தப்பான நேரம் வரும் என்று அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு பிடிவாதமாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். மற்றப் பெண்கள் அவளைத் தின்றுவிடுவது போல் பார்த்தார்கள். பெரியவர் வாட்சில் மணியைப் பார்த்துவிட்டு, வெயில் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

வந்தது, பதினோரு மணிக்கு மேல். அதுவரை அந்தப் பெண் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டே இருந்தாள். டீ கூடக் குடிக்கவில்லை. வெண்மையாக ஒரு புள்ளிப் புகை தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது.

மூன்று வாட்ச். 13.0, 12.9, 13.0. இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். பதிமூன்று! உங்கள் பெண் கேம்ப்புக்குப் போகிறாள். சௌத்ரி சார் மைதானத்திலேயே பாங்க்ரா ஆடினார். உங்கள் மச்சான் பூவராகவன் வந்திருந்தார். என்னிடம் வந்து, "காலேஜ் அப்ளிகேஷன் எப்ப வாங்கணும் டீச்சர்?" என்று கேட்டார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

ஏன் கையைத் தூக்கினாய் என்று செல்வியைக் கேட்டேன். சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். எனக்குச் சொல்ல மாட்டாளாம். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் பேசாமல் நின்ற இடத்தில் பேசிய பெண்ணைப் பெற்றதற்கு உங்களுக்கும் உங்கள் சம்சாரத்துக்கும் என் நன்றி.

அனந்தலக்ஷ்மி


99 ஏ.பி.ஓ.
3 பிப்ரவரி 1979

அன்புள்ள டீச்சர் அம்மா,

உங்கள் கடிதமும் செல்வியின் கடிதமும் ஒரே மூட்டையில் வந்தன. உங்களுடையதை ஒரு தடவை படித்தேன். அவளுடையதை மூன்று தடவை படித்தேன், இப்போதெல்லாம் அப்படித்தான் வழக்கம். 'புகை' என்று எழுதிய இடத்தில் கோட்டை அடுத்த வரி வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறாள்.

பர்ஃபி மறுபடி கொடுத்தேன். போன தடவை தின்றதற்கு இது சரிக்குச் சரி என்று சொல்லிக் கொடுத்தேன். பஞ்சாபிக்காரன் இரண்டு எடுத்துக்கொண்டான். மேஜர் சாப், "தேரா பாயிண்ட் ஸீரோ!" என்று பதிமூன்று புள்ளி பூஜ்யத்தைச் சொல்லி எனக்கே சல்யூட் அடித்தார். மச்சானிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஊர் மாப்பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கையை ஏன் தூக்கினாள் என்று கேட்டீர்கள். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவளே எழுதியிருக்கிறாள். அவள் தமிழிலேயே, அவள் தப்போடேயே எழுதுகிறேன்.

"டீச்சர் தலை குனிந்து நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு தடவை அவர் சொல்லி உங்களிடம் திட்டு வாங்கினார். அதனால் இந்தத் தடவை நானே சொல்லிவிட்டேன். இனி டீச்சரைத் திட்டாதிர்கள் அப்பா."

இதைப் படித்ததும் கூடாரத்தில் இருக்க முடியவில்லை. வெளியே போய்ப் பனியில் நின்று அழுதேன், பட்டாளத்துக்காரன் அழுதான் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் என் மகளின் நேரத்தில் பத்தில் மூன்று பங்கு செகண்டைத் திருப்பி வாங்கினீர்கள். அதற்குப் பதிலாக என்ன கொடுத்தீர்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நன்றி அம்மா.

ஏப்ரலில் லீவு. குடும்பத்தோடு லோதி ரோடுக்கு வந்து உங்களையும் உங்கள் வீட்டுக்காரரையும் பார்க்கிறோம். டிரங்குப் பெட்டியை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வருகிறேன், ஸ்கூட்டரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

என்றும் கடமைப்பட்ட,
கலியன்